தயாரிப்பாளர் தரும் நாற்காலி, மேசை மாடல்களை ரெவிட்டில் ஏற்றினால் பைல் நொண்டுகிறது, சரியான வழி எது?

நெடுங்கோடு (கேள்வி)

வணக்கம். ஓர் அலுவலக உள்ளமைப்பு வேலை, கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட் 2023-இல் செய்கிறேன். நான்கு தளங்கள். 240 பணி நாற்காலி, 120 மேசை, 60 டிராயர் பெட்டி, வரவேற்பறையில் 6 சோபா. எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. அதனால் பொதுவான நாற்காலியை வைத்து ஒப்பேற்ற முடியாது, அந்த மாடலேதான் வரைபடத்தில் வர வேண்டும்.

தயாரிப்பாளர்களிடமிருந்து கிடைத்தவை: நாற்காலிக்கு எஃப்பிஎக்ஸும் 3டி டிடபிள்யூஜியும் (ஆட்டோகேட் கோப்பு), மேசைக்கு ஸ்டெப் கோப்பு, டிராயர் பெட்டிக்கு ஆர்எஃப்ஏ (ரெவிட்டின் சொந்த பேமிலிக் கோப்பு), சோபாவுக்கு 3டி டிடபிள்யூஜி. எல்லாவற்றையும் ஃபர்னிச்சர் பேமிலியாக்கி (ஒரு பொருளின் வடிவமும் விவரமும் சேர்ந்த ரெவிட் தொகுப்பு) ஏற்றிப் பார்த்தாயிற்று. வந்த சிக்கல்கள்:

நாற்காலி பேமிலி மட்டும் 18 எம்பி. முக்கோணக் கோடுகள் அத்தனையும் தெரிகின்றன. 1:100 ப்ளானில் பிரிண்ட் எடுத்தால் நாற்காலி இருக்குமிடத்தில் மைக்கறைதான் இருக்கிறது.

சோபா 2100 மி.மீ. நீளம். உள்ளே வந்தபோது 53 மீட்டர்.

துணியின் நிறத்தை டைப் (ஒரே பேமிலிக்குள் வரும் வகை) வாரியாக மாற்ற வேண்டும், மூன்று நிறங்கள். மெட்டீரியல் பாராமீட்டரை (மாற்றக்கூடிய மதிப்பு) எங்கே இணைப்பது என்றே தெரியவில்லை. மெட்டீரியல் பட்டியலில் ‘ரெண்டர் மெட்டீரியல் 128-128-128’ என்பது போல நாற்பதுக்கு மேல் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

டிராயர் பெட்டியின் ஷெட்யூலில் (எண்ணிக்கை அட்டவணை) ‘விட்த்’ என்று இரண்டு பத்திகள். ஒன்றில் மதிப்பு இருக்கிறது, மற்றது காலி.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது? வழி சொல்லுங்கள்.

தச்சன்மகன்

முதலில் சோபாவை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். 53 மீட்டர் என்றது 53,340 மி.மீ. ஆக இருக்கும், அதை 25.4-ஆல் (ஓர் அங்குலத்தின் மி.மீ.) வகுத்தால் 2100. அதாவது வரைந்தவர் மி.மீ. கணக்கில் வரைந்திருக்கிறார், கோப்போ அங்குல டெம்ப்ளேட்டில் தொடங்கியது. ஆட்டோகேடில் அந்தக் கோப்பைத் திறந்து ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்று அடித்துப் பாருங்கள், 1 என்று காட்டும். 1 என்றால் அங்குலம், 4 என்றால் மி.மீ., 6 என்றால் மீட்டர், 0 என்றால் அலகே இல்லை. ரெவிட் ‘ஆட்டோ டிடெக்ட்’ செய்யும்போது இந்த எண்ணை நம்பித்தான் பெருக்குகிறது. அதை 4 ஆக்கிச் சேமியுங்கள், அல்லது இம்போர்ட் பெட்டியில் அலகை நீங்களே மில்லிமீட்டர் என்று குறிப்பிடுங்கள். ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்றால் இம்போர்ட்டைத் தேர்ந்து ‘எடிட் டைப்’பில் இம்போர்ட் அலகையும் ஸ்கேல் ஃபேக்டரையும் மாற்றலாம். எப்படியிருந்தாலும் ஏற்றியவுடன் ஓர் அளவை டேப் பிடித்துப் பாருங்கள். இருக்கை உயரம் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வராவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம்.

இனி நாற்காலி. தயாரிப்பாளர் அந்த மாடலைச் செய்தது விளம்பரப் படம் எடுக்க. வலைப்பின்னல் முதுகில் ஒவ்வொரு ஓட்டையும், தையலில் ஒவ்வொரு நூலும், சக்கரத்துக்குள் இருக்கும் அச்சும் அதில் உண்டு. 60 மி.மீ. சக்கரம் 1:100 தாளில் 0.6 மி.மீ. அந்த இடத்துக்குள் இரண்டாயிரம் முக்கோணத்தை வரையச் சொன்னால் மைக்கறைதான் விழும். ரெவிட் ஒரே டைப்பின் வடிவத்தை ஒருமுறைதான் சேமிக்கும், அதனால் 240 நாற்காலி வைத்தாலும் பைல் 240 மடங்காகப் பெருகாது. ஆனால் திரையில் வரையும்போது 240 தடவையும் வரைந்தாக வேண்டும். ஒரு நாற்காலியில் 96,000 முக்கோணம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2 கோடியே 30 லட்சம். ‘பைல் சின்னதுதானே, ஏன் நகர மாட்டேன் என்கிறது’ என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

அடுத்து தெரிந்துகொள்ள வேண்டியது, கையில் இருப்பது மெஷ்ஷா (முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு) சாலிடா (முழுமையான கன வடிவம்) என்பது. எஃப்பிஎக்ஸ், ஓபிஜே, எஸ்டிஎல் எல்லாம் மெஷ். ஸ்டெப், எஸ்ஏடி இரண்டும் பெரும்பாலும் சாலிட். டிடபிள்யூஜி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஒரு பாகத்தைச் சொடுக்கி ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் தெரியும். சாலிடை ரெவிட் பேமிலிக்குள் எக்ஸ்ப்ளோட் செய்தால் (பிரித்துவிட்டால்) ‘ஃப்ரீஃபார்ம்’ ஆக மாறும். அதற்கு மெட்டீரியல் பாராமீட்டர் கட்டலாம், சப்கேட்டகரி கொடுக்கலாம். மெஷ் அப்படி மாறாது, கடைசிவரை ‘இம்போர்ட் சிம்பல்’தான். அதன் மெட்டீரியலை லேயர் வாரியாக, பேமிலியின் ‘ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ்’ பெட்டியில் ‘இம்போர்ட்டட் ஆப்ஜெக்ட்ஸ்’ பக்கத்தில்தான் கொடுக்க முடியும். பாராமீட்டர் ஏற்காது. நீங்கள் தேடிய இடம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

எஃப்பிஎக்ஸ் நாற்காலிக்கு நான் சொல்லும் வரிசை இது. 3டி மாடல் மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸில் திறந்து கண்ணுக்குத் தெரியாத பாகங்களை முதலில் நீக்குங்கள்: இருக்கைக்கு அடியிலுள்ள சாய்வு இயந்திரம், கேஸ் தண்டின் உள்குழாய், திருகுகள், சக்கரத்தின் உட்புறம். பாதி எடை இதிலேயே இறங்கிவிடும். வலைப்பின்னல் முதுகை நீக்கிவிட்டு அதே வளைவில் ஓட்டையில்லாத ஒரே தகடு வையுங்கள். மெல்லிய துணி தெரிய வேண்டுமென்றால் அதை மெட்டீரியலில் காட்டுங்கள், வடிவத்தில் வேண்டாம். பிறகு ‘ப்ரோஆப்டிமைசர்’ போட்டு மொத்தத்தை 4,000 முக்கோணத்துக்குள் கொண்டுவாருங்கள். 240 நாற்காலிக்கு 9 லட்சத்து 60 ஆயிரம், அதைத் தாங்கும். கடைசியாக ‘எடிட் மெஷ்’ போட்டு, எட்ஜ் நிலையில் எல்லா விளிம்புகளையும் தேர்ந்து ‘ஆட்டோ எட்ஜ்’ அழுத்துங்கள், கோணம் 24 பாகையிலேயே இருக்கட்டும். 24 பாகைக்குக் குறைவாகத் திரும்பும் விளிம்புகளெல்லாம் மறைவானவை என்று குறிக்கப்படும். இதைக் கடைசியில் டிஎக்ஸ்எஃப் (ஆட்டோகேடின் பரிமாற்றக் கோப்பு) ஆக எடுத்துத்தான் ரெவிட்டில் ஏற்றப்போகிறோம். அந்த வடிவத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் எந்த விளிம்பு தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று பதிய இடம் இருக்கிறது, ரெவிட் அதை மதிக்கிறது. முக்கோணக் கோடு ஒழிய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

டிஎக்ஸ்எஃப் எடுக்கும் முன் பாகங்களை மூன்று லேயர்களாகப் பிரியுங்கள்: துணி, உலோகம், பிளாஸ்டிக். ஒவ்வொரு லேயருக்கும் ஒரே நிறம். அந்த ‘ரெண்டர் மெட்டீரியல்’ கூட்டம் எங்கிருந்து வந்தது என்றால், கோப்பில் பொருள் வாரியாகக் கொடுத்த ஒவ்வொரு நிறத்துக்கும் ரெவிட் ஒரு மெட்டீரியலைப் பெற்றுப்போட்டது. பயன்பாட்டில் இருப்பதால் பயன்படாதவற்றை நீக்கும் ‘பர்ஜ்’ அதைத் தொடாது. ஆட்டோகேடில் ‘செட்பைலேயர்’ கட்டளை கொடுத்து நிறத்தையெல்லாம் லேயருக்கே ஒப்படைத்துவிட்டு ஏற்றினால் மூன்றோடு நின்றுவிடும்.

மாடல் குப்புற விழுந்து வந்தால் மேல்நோக்கும் அச்சு மாறியிருக்கிறது என்று பொருள். அதை மேக்ஸிலோ ஆட்டோகேடிலோ எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பிச் சரிசெய்துகொண்டு வாருங்கள், ரெவிட்டுக்குள் வந்த பிறகு திருப்ப முயன்று நேரத்தைக் கரைக்க வேண்டாம். அடிமையம் 0,0,0-வில் இருக்கட்டும். ரெவிட்டில் ‘ஆரிஜின் டு இன்டர்னல் ஆரிஜின்’ என்ற பொசிஷனில் ஏற்றுங்கள். தானாக வரும் ‘சென்டர் டு சென்டர்’ வேண்டாம், அது ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் உட்கார வைக்கும்.

அளவுகோல்

தச்சன்மகன் சார் சொன்னதில் மெஷ் பகுதி முழுக்கச் சரி. ஆனால் மேசைக்கு ஸ்டெப் கோப்பைத் தொடவே வேண்டாம் என்பேன். மேசை என்பது நான்கு செவ்வகம். 25 மி.மீ. பலகை, 18 மி.மீ. பக்கவாட்டு, கீழே உலோகச் சட்டம். ரெவிட்டின் சொந்த எக்ஸ்ட்ரூஷனில் (ஒரு வடிவத்தை நேராக நீட்டிக் கனமாக்குவது) கட்டினால் ஒரு மணி நேரம். கட்டி முடித்தால் 1200, 1350, 1500, 1800 என்று எத்தனை அகலம் வேண்டுமானாலும் ஒரே பேமிலியில் டைப்பாக வரும். ஸ்டெப் கொண்டுவந்தால் ஒவ்வோர் அகலத்துக்கும் தனிக்கோப்பு, தனி இம்போர்ட். நாளைக்கு வாடிக்கையாளர் 1500-ஐ 1400 ஆக்கச் சொன்னால் உற்பத்தியாளரிடம் போய் நிற்க வேண்டும்.

ஸ்டெப் கோப்பு உற்பத்திக்குச் செய்தது. அதில் பிவிசி விளிம்புப் பட்டையின் 2 மி.மீ. வளைவு, மினிஃபிக்ஸ் (பலகை இணைப்பான்) துளை, பூட்டின் நாக்கு எல்லாம் இருக்கும். ரெவிட் சுமார் 0.8 மி.மீ.க்குக் குறைந்த கோட்டை ஏற்பதில்லை. அதாவது ஓர் அடியில் ஏறக்குறைய 384-இல் ஒரு பங்கு. சின்ன வளைவின் முனையில் இப்படியொரு துணுக்குக் கோடு இருந்தால் அந்த முகம் விடுபடும், அல்லது எக்ஸ்ப்ளோட் மறுக்கும். ‘மேசையின் ஒரு மூலை மட்டும் திறந்து கிடக்கிறது’ என்று பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் காரணம் அதுதான்.

கட்டாயம் ஸ்டெப்பிலிருந்துதான் வேண்டும் என்றால், உதாரணமாக மேசையின் வார்ப்புக் காலுக்கு, இப்படிச் செய்யுங்கள். ஆட்டோகேடில் ‘இம்போர்ட்’ கட்டளை ஸ்டெப்பைத் திறக்கும், எல்லாம் ஒரு பிளாக்காக வரும். எக்ஸ்ப்ளோட் செய்து திருகு, துளை, உட்பாகங்களை அழியுங்கள். விளிம்பு வளைவுகளைக் கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கி டெலீட் அழுத்தினால் சாலிட் தானே மூடிக்கொள்ளும். பிறகு ‘ஏசிஸ்அவுட்’ கொடுத்தால் எஸ்ஏடி கோப்பாக வெளிவரும். எஸ்ஏடி கோப்பில் லேயர் விவரம் வராது. அதனால் உலோகம் ஒரு கோப்பு, மரம் ஒரு கோப்பு என்று தனித்தனியாக எடுங்கள். எல்லாம் ஒரே ஆதிப்புள்ளியில் இருந்தால் ரெவிட்டில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும். அலகை ஆட்டோவில் விடாமல் மில்லிமீட்டர் என்று குறிப்பிடுங்கள். உள்ளே வந்ததும் எக்ஸ்ப்ளோட், மெட்டீரியல் பாராமீட்டர், அவ்வளவுதான். கையில் இன்வென்டர் (இயந்திர வடிவமைப்பு மென்பொருள்) இருந்தால் அதிலுள்ள ‘சிம்ப்ளிஃபை’ இந்த அளவுக்குக் கீழுள்ள பாகம், துளை, வளைவு எல்லாவற்றையும் நீக்கு என்று சொன்னால் நீக்கிவிடும், அங்கிருந்தே ஆர்எஃப்ஏ ஆகவும் எடுக்கலாம்.

துணி மூன்று நிறம் என்றீர்கள். நாற்காலியில் இருக்கைத் திண்டையும் முதுகையும் மட்டும் ரெவிட்டில் ஸ்வீப், ஸ்வெப்ட் பிளெண்ட் (ஒரு வடிவத்தைப் பாதைவழியே ஓட்டிக் கனமாக்குவது) கொண்டு நீங்களே கட்டுங்கள். மெஷ்ஷை அடியில் படமாக வைத்துக்கொண்டு தடம் பிடித்தால் போதும். கால், கைப்பிடி, சக்கரம் மெஷ்ஷாகவே இருக்கட்டும், அவற்றின் நிறம் மாறப்போவதில்லை. இப்படிச் செய்தால் துணிக்குப் பாராமீட்டர் கிடைக்கும், மூன்று டைப்பும் ஒரே பேமிலியில் அடங்கும்.

இன்னொன்று, தச்சன்மகன் சார் சொல்லாமல் விட்டது: ப்ளானில் 3டி வடிவமே தெரியக்கூடாது. மெஷ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. இம்போர்ட்டைத் தேர்ந்து ப்ராபர்ட்டீஸில் விசிபிலிட்டி ‘எடிட்’ போனால் ப்ளான்/ஆர்சிபி என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கோர்ஸ் (குறைந்த விவர) நிலையின் டிக்கையும் எடுங்கள். நீங்கள் கட்டிய திண்டுக்கும் முதுகுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு ‘சிம்பாலிக் லைன்’ கொண்டு மேலிருந்து தெரியும் உருவத்தைக் கையால் வரையுங்கள். நாற்காலிக்கு எட்டுப் பன்னிரண்டு கோடு போதும்: இருக்கை, முதுகு வளைவு, இரு கைப்பிடி. ஐந்து கால் நட்சத்திரம் 1:100-இல் வேண்டாம், வேண்டுமானால் அதை மட்டும் ஃபைன் (நுண்விவர) நிலைக்கு ஒதுக்குங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 3டி மறைந்ததும் தரை டைல்ஸ் கோடு நாற்காலிக்குள் ஊடுருவித் தெரியும். அதே உருவத்தில் ஒரு ‘மாஸ்கிங் ரீஜன்’ போட்டால் மறையும். சோபாவின் முன் எலிவேஷனுக்கும் இதே முறை நன்றாக வரும்.

தயாரிப்பாளரின் 2டி டிடபிள்யூஜியை பேமிலிக்குள் எக்ஸ்ப்ளோட் செய்து சிம்பலாக வைக்க ஆசை வரும். வேண்டாம். 0.8 மி.மீ. துணுக்குகள் விடுபடும், அத்தோடு ‘இம்போர்ட்-’ என்று தொடங்கும் லைன் பேட்டர்ன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த பேமிலியை ப்ராஜெக்ட்டில் ஏற்றியதும் அவையும் கூடவே வந்துவிடும். மேலே வைத்துத் தடம் பிடித்துவிட்டு அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்.

நெடுங்கோடு

இருவருக்கும் நன்றி. சோபா சரியாகிவிட்டது, இன்ஸ்யூனிட்ஸ் 1 என்றுதான் இருந்தது. நாற்காலி 18 எம்பியிலிருந்து 1.1 எம்பிக்கு வந்துவிட்டது, கோடுகளும் போயின.

இன்னும் இரண்டு சந்தேகம். சோபாவை ஆட்டோகேடில் சாலிடாக்கினால் அதற்கும் மெட்டீரியல் பாராமீட்டர் கட்டலாமே என்று பார்த்தேன். ‘கன்வ்டுசாலிட்’ சில பாகங்களை மாற்றுகிறது, சிலவற்றை மறுக்கிறது. இரண்டாவது, மூன்றாம் தளத்தின் ஒரு 3டி காட்சியில் மட்டும் நாற்காலிகளின் இருக்கையும் முதுகும் அந்தரத்தில் மிதக்கின்றன, காலைக் காணோம். ஃபர்னிச்சர் டிக் சரியாகத்தான் இருக்கிறது. டிராயர் பெட்டி ஷெட்யூல் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

தச்சன்மகன்

மறுக்கும் பாகத்தில் ஓட்டை இருக்கிறது. மெஷ் நீர் புகாத பையைப் போல முழுக்க மூடியிருந்தால்தான் சாலிடாகும். சோபாத் திண்டின் அடிப்பக்கம் தெரியாது என்று பல தயாரிப்பாளர்கள் அடிமுகத்தையே விட்டுவிடுவார்கள். அந்த அடியை மேக்ஸில் ‘கேப் ஹோல்ஸ்’ போட்டு மூடிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

ஆட்டோகேடில் வரிசை முக்கியம். முதலில் ‘மெஷ்ஸ்மூத்’ கொடுத்து பாலிஃபேஸை (ஆட்டோகேடின் பழைய வகை மெஷ்) மெஷ் பொருளாக்குங்கள். ப்ராபர்ட்டீஸில் ஸ்மூத்னஸ் ‘நன்’ என்றிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் திண்டு உப்பிப் பலூனாகிவிடும். ‘ஸ்மூத்மெஷ்கன்வர்ட்’ மதிப்பை 2 ஆக்குங்கள். 2 என்றால் வளைக்காமல் தட்டையாகவே மாற்று, ஒரே தளத்திலுள்ள முகங்களைச் சேர்த்துவிடு என்று பொருள். பிறகுதான் கன்வ்டுசாலிட். 3 என்று இருந்தால் ஒவ்வொரு முக்கோணமும் தனி முகமாகவே நிற்கும், செய்த வேலை வீண்.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஒரே தளத்தில் இருக்கும் முக்கோணங்கள்தான் சேரும். வளைந்த திண்டில் பக்கத்து முக்கோணங்கள் வேறு வேறு சாய்வில் இருப்பதால் சேராது, சாலிடாக்கிய பிறகு ஒவ்வொரு விளிம்பும் கோடாகத் தெரியும், அங்கே ஆட்டோ எட்ஜ் கைகொடுக்காது. ஆகவே சோபாவின் பெட்டி போன்ற கை, அடித்தளம், கால் இவற்றைச் சாலிடாக்குங்கள். வளைந்த திண்டுகளை அளவுகோல் சொன்னபடி ரெவிட்டிலேயே கட்டுங்கள், விளிம்பில் ஒரு ஸ்வீப் ஓட்டினால் உருண்டையும் கிடைக்கும். மொத்தமே ஆறு சோபாதான், ஒரு காலைப்பொழுது வேலை.

மேக்ஸ் இல்லாமல் படிப்பவர்களுக்கு: குறைக்கும் வேலையை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ‘டெசிமேட்’ செய்யும். முதலில் ‘ப்ளேனார்’ முறையில் 5 பாகை, பிறகு ‘கொலாப்ஸ்’. பாகத்துக்கு ஓர் எஸ்டிஎல் என்று எடுத்து ஸ்கெட்ச்அப்பில் ஏற்றி டிடபிள்யூஜி ஆக்கலாம். எஸ்டிஎல்லில் அலகு கிடையாது, ஏற்றும்போது மி.மீ. என்று சொல்லாவிட்டால் மறுபடி 53 மீட்டர் சோபாதான்.

பிம்மேசை

கால் மறைந்ததற்கு: அந்தக் காட்சியில் விசிபிலிட்டி/கிராஃபிக்ஸ் திறந்து ‘இம்போர்ட்டட் கேட்டகரீஸ்’ பக்கம் போங்கள். அங்கே ‘இம்போர்ட்ஸ் இன் பேமிலீஸ்’ என்று ஒரு வரி. யாரோ சர்வே டிடபிள்யூஜியை மறைக்கப் போய் எல்லா டிக்கையும் எடுத்திருப்பார்கள். பேமிலிக்குள் மெஷ்ஷாக இருப்பது ஃபர்னிச்சர் கேட்டகரிக்கும் கட்டுப்படும், இந்த வரிக்கும் கட்டுப்படும். இரண்டில் ஒன்று அணைந்தாலும் மறைந்துவிடும். உங்கள் நாற்காலியில் கால் மெஷ், திண்டு ரெவிட்டின் சொந்த வடிவம், அதனால்தான் பாதி மட்டும் போயிற்று. வியூ டெம்ப்ளேட்டில் இந்த வரியை எப்போதும் எரிய வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒருவருடைய தவறு இன்னொருவருடைய தாளில் விழாது.

வெளியிலிருந்து வந்த ஆர்எஃப்ஏ-வுக்குள் டிடபிள்யூஜி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதே குறுக்குவழிதான். பேமிலியைத் திறந்து ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் இம்போர்ட்டட் ஆப்ஜெக்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே லேயர் பெயர்கள் வரிசையாக நின்றால், ஆர்எஃப்ஏ என்ற உறைக்குள் வைத்துக் கொடுத்த மெஷ்தான் அது. ‘ரெவிட் மாடல் இருக்கிறது’ என்ற ஒரு வரியை நம்பி ப்ராஜெக்ட்டில் நேராக ஏற்றாதீர்கள். காலிப் ப்ராஜெக்ட் ஒன்றில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பதிப்பையும் பார்க்க வேண்டும்: 2024-இல் சேமித்த பேமிலியை 2023 திறக்காது, பின்னோக்கிச் சேமிக்க வழியும் இல்லை.

இரண்டு ‘விட்த்’ பத்தி: ஷேர்டு பாராமீட்டரின் (பல பேமிலிகளுக்குப் பொதுவானது) அடையாளம் பெயர் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட குறியீட்டு எண். தயாரிப்பாளர் தன் ஷேர்டு பாராமீட்டர் கோப்பிலிருந்து ஒரு ‘விட்த்’ வைத்திருக்கிறார், உங்கள் அலுவலகக் கோப்பில் வேறொரு ‘விட்த்’. பெயர் ஒன்று, ஆள் வேறு. டிராயர் பெட்டி பேமிலியில் ஃபேமிலி டைப்ஸ் பெட்டியைத் திறந்து அவருடைய பாராமீட்டரைத் தேர்ந்து, அதை முதலில் சாதாரண பேமிலி பாராமீட்டராக மாற்றி, பிறகு உங்கள் ஷேர்டு பாராமீட்டராக மாற்றுங்கள். ஃபார்முலாவும் அளவுக் கட்டும் அறுந்துபோகாமல் இருக்க இந்த இரண்டு படியும் தேவை, அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். உற்பத்தியாளர் பெயர், மாடல், டைப் மார்க், விலை, விவரணை இவற்றுக்குப் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டாம், ரெவிட்டில் ஏற்கெனவே இருக்கும் இடங்களையே நிரப்புங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனால் 120 மேசை என்றதால் சொல்கிறேன். எல் வடிவ மேசை இருந்தால் இடக்கை, வலக்கை இரண்டையும் தனித்தனி டைப்பாக வையுங்கள். வரைபவர்கள் அவசரத்தில் ‘மிரர்’ போடுவார்கள், திரையில் சரியாகவே தெரியும். ஷெட்யூலிலோ அது பழைய டைப்பாகவே எண்ணப்படும். ஆர்டர் எண் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. 60-க்கு 60 வேண்டிய இடத்தில் 120-ம் வலக்கையாக லாரியில் வந்து இறங்கினால் தவறு வரைபடத்தினுடையது, அனுப்பியவருடையது அல்ல.

அறைவாரியாக எண்ணுவதாக இருந்தால் பேமிலியில் ‘ரூம் கால்குலேஷன் பாயின்ட்’ டிக் போடுங்கள். ஒரு பச்சைப் புள்ளி வரும், அதை நாற்காலியின் நடுவிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். ஆதிப்புள்ளி சுவரை ஒட்டியோ தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயோ விழும் சாமான்கள் ‘அறை இல்லை’ என்று ஷெட்யூலில் வருவது இதனால் நிற்கும்.

உயரமான அலமாரி இருந்தால் கேட்டகரியையும் யோசியுங்கள். ஃபர்னிச்சர் வெட்டப்படாத கேட்டகரி. கட் ப்ளேன் (ப்ளான் வெட்டப்படும் உயரம்) 1200-இல் இருந்தாலும் 2100 உயர அலமாரியை வெட்டாமல் முழுதாகவே காட்டும். சுவரோடு கட்டிய அலமாரியை வெட்டிக் காட்ட வேண்டுமென்றால் கேஸ்வொர்க் கேட்டகரியில் வையுங்கள்.

கிழக்குமுகப்பு

ஆர்க்கிகேட் என்ற இன்னொரு கட்டட மென்பொருளில் இதே வேலை செய்பவர்களுக்காக. 3டிஎஸ் கோப்பை ‘லைப்ரரீஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ மெனு வழியாக நேரே ஜிடிஎல் (ஆர்க்கிகேடின் சொந்த மொழி) பொருளாக ஏற்றலாம். ஆனால் அப்படி ஏறியது ப்ளானில் இழுத்துக்கொண்டே இருக்கும். காரணம் 2டி ஸ்கிரிப்டில் ‘ப்ராஜெக்ட்2’ என்ற ஒரு வரி. ப்ளான் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் 3டி முழுவதையும் கணக்கிட்டு மேலிருந்து நிழல் விழவைக்கிறது. அந்த வரியை நீக்கிவிட்டு, 2டி சிம்பல் ஜன்னலில் பத்துக் கோடு வரைந்து, ஸ்கிரிப்டில் ‘ஃப்ராக்மென்ட்2’ கொண்டு அதை அழையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஏற்றிய பொருளை மார்ஃப் (கையால் திருத்தக்கூடிய வடிவம்) ஆக்கி ‘ஸ்மூத் அண்ட் மெர்ஜ் ஃபேசஸ்’ போட்டால் முக்கோணக் கோடுகளும் அடங்கும். அதன்பின் ஆப்ஜெக்டாகச் சேமியுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அலுவலகச் சாமான்களில் பல ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் பட்டியலை ஓஎஃப்எம்எல் என்ற சாமான் விவர வடிவத்தில் தரவாகத் தருகின்றன. ஜெர்மனியின் இல்மெனாவ் நகரிலுள்ள ஈஸ்டர்ன்கிராஃபிக்ஸ் நிறுவனம் செய்யும் பிகான்.ப்ளானர் என்ற மென்பொருள் அதைப் படிக்கும். அதில் பலகை நிறம், கால் வகை, கைப்பிடி எல்லாம் தேர்ந்த பிறகு அந்தத் தேர்வுக்கு உரிய மாடலும் ஆர்டர் எண்ணும் சேர்ந்தே கிடைக்கும், சேமிப்பதே டிடபிள்யூஜியில்தான். தேர்ந்த மாடலையே எடுப்பதால், தளத்திலிருந்து இறக்கும் பொதுக் கோப்பில் வேண்டாத கைப்பிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தொல்லை இல்லை. உங்கள் தயாரிப்பாளர் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஐஎஃப்சி (கட்டட மென்பொருள்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் பொதுக் கோப்பு) கொடுக்க வேண்டியிருந்தால், பழைய 2x3 பதிப்பில் சாமான்கள் ‘ஐஎஃப்சி ஃபர்னிஷிங் எலிமென்ட்’ ஆகப் போகும், ஐஎஃப்சி4-இல் ‘ஐஎஃப்சி ஃபர்னிச்சர்’. மெஷ் நிறைய இருந்தால் 4-ஐத் தேர்ந்தெடுங்கள். முக்கோணங்களைப் புள்ளிப் பட்டியலாகச் சுருக்கி எழுத அதில் இடமுண்டு. 2x3-இல் ஒவ்வொரு முகத்தையும் விரித்தெழுத வேண்டியிருப்பதால் கோப்பு ஊதிப்போகும். ரெவிட்டின் ஏற்றுமதி அமைப்பில் ‘லெவல் ஆஃப் டீட்டெயில்’ என்று குறைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ரெவிட்டின் சொந்த வளைவுகளுக்குத்தான். ஏற்றிய மெஷ்ஷை அது குறைக்காது. குறைப்பதை மூலக்கோப்பிலேயே செய்தாக வேண்டும்.

நெடுங்கோடு

இம்போர்ட்ஸ் இன் பேமிலீஸ்தான். டிக் போட்டதும் கால்கள் வந்துவிட்டன. டிராயர் பெட்டி ஆர்எஃப்ஏ-வைத் திறந்து பார்த்தேன், இம்போர்ட்டட் ஆப்ஜெக்ட்ஸில் 31 லேயர். அதை விட்டுவிட்டு 400 அகலத்தில் எக்ஸ்ட்ரூஷனாகவே கட்டிவிட்டேன், பாராமீட்டர் சிக்கலும் அதோடு போயிற்று. மாஸ்கிங் ரீஜனில் மட்டும் ஒரு கேள்வி: அதன் எல்லைக்கோடு சிம்பாலிக் கோட்டோடு சேர்ந்து தடிமனாகத் தெரிகிறதே?

அளவுகோல்

ஒரே இடத்தில் இரண்டு கோடு விழுகிறது. மாஸ்கிங் ரீஜனை எடிட் செய்து எல்லைக் கோடுகள் அனைத்தையும் தேர்ந்து, சப்கேட்டகரியை ‘இன்விசிபிள் லைன்ஸ்’ ஆக்குங்கள். சிம்பாலிக் கோடு மட்டும் நிற்கும். அந்தக் கோடுகளுக்கும் ஃபர்னிச்சருக்குக் கீழ் ‘2டி’ என்று ஒரு சப்கேட்டகரி வைத்துவிட்டால், 1:200 தாளில் அவற்றை மட்டும் மெல்லிசாக்க அந்தக் காட்சியின் விசிபிலிட்டி/கிராஃபிக்ஸில் ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் போதும்.